நீண்ட நோய்க் காலத்தில் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பணத் தவறுகள்

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் என்று நோய் எதுவானாலும், முதல் மாதத்தில் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள் ஒன்றேதான். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்ல ஆள் நிறைய உண்டு. அதை இங்கே விட்டுவிடலாம்.

பார்த்துக்கொள்பவர் அவசரப்பட்டு வேலையை விடுவது

நோய் உறுதியான அதே வாரம் மகளோ கணவரோ ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுகிறார். பாசத்தில் எடுக்கும் முடிவு என்பதால் யாரும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும். சம்பளத்தோடு நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் போய்விடும். நோயாளியும் அதில் இருந்தவர் என்றால், இனி அவருக்குத் தனிக் காப்பீடு கிடைப்பது கடினம். கிடைத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் போடுவார்கள்; அதுவரை அந்த நோய்ச் செலவைத் தர மாட்டார்கள். சிகிச்சை உச்சத்தில் இருக்கும்போது கையில் உதவும் காப்பீடே இல்லாமல் போகலாம்.

கடிதம் எழுதுமுன் சிகிச்சை அட்டவணையை வாங்கி நாள்காட்டியில் குறியுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு சுற்று கீமோ என்றால் ஏறக்குறைய 18 வாரம். மருந்து ஏற்றும் நாளும் அடுத்த இரண்டு மூன்று நாளும் ஆள் வேண்டும். பல மருந்துகளில் 7 முதல் 14ஆம் நாள்வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதற்கும் பக்கத்தில் ஆள் தேவை. மற்ற நாட்களைப் பலர் தாமே சமாளிப்பார்கள். டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் சுமார் 4 மணி நேரம். இப்படி எண்ணினால், 'எப்போதும் கூடவே ஒருவர்' என்று நினைத்தது வாரத்துக்கு மூன்று அரைநாளாகச் சுருங்கலாம்.

அந்த அளவுக்கு மட்டும் விடுப்போ நேர மாற்றமோ கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பில் காப்பீடு தொடருமா, பிரீமியம் யார் கட்டுவது என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒருவர் விட்டே ஆகவேண்டும் என்றால், 'குறைந்த சம்பளக்காரர் விடட்டும்' என்று முடிவெடுக்காதீர்கள். காப்பீடு யாருடைய வேலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படுத்த படுக்கையானவருக்கு முழுநேர ஆள் வேண்டும்தான். அங்கும், ஆள் வைக்கும் செலவைச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடாமல், காப்பீட்டையும் ஓய்வுக்கால நிதியில் நிறுவனம் போடும் பங்கையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

மருத்துவமனை பில்லை மட்டும் செலவு என்று எண்ணுவது

காசநோய்க் குடும்பங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலில் போக்குவரத்து, உணவு, இழந்த வருமானம் எல்லாம் சேரும். மொத்தம் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது பேரிடர்ச் செலவு. எந்த நீண்ட நோய்க்கும் அப்படியே எண்ணுங்கள். முதல் அறுவை சிகிச்சைக்கே சேமிப்பு முழுவதையும் கொட்டாமல், இந்தச் செலவுகளை 12 மாதத்துக்குக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

நோயாளி பெயரில் மட்டும் வங்கிக் கணக்கு

அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே கூட்டுக் கணக்காக்குங்கள். நாமினி பெயர் இறப்புக்குப் பிறகுதான் உதவும்.

பிரீமியத் தேதியைத் தவறவிடுவது

வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி இன்றே செய்யுங்கள்.

செலவை நோயாளியிடம் மறைப்பது

மறைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு யாரிடமும் சொல்லாமல், தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போடக்கூடும். வாரம் ஒருமுறை அட்டையில் மீதி மாத்திரைகளை எண்ணுங்கள். கணக்கு இடித்தால் அதட்டாமல் அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போய், இதே மருந்து ஜெனரிக்கில் (பிராண்ட் பெயர் இல்லாமல், பெரும்பாலும் குறைந்த விலையில்) உண்டா என்று அவர் முன்னாலேயே கேளுங்கள்.