லேப்டொப்பில் வைஃபை சுற்றுகிறதா? பிழை எந்தத் துண்டில் என்று முதலில் பாருங்கள்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்து வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது, முப்பது பெயர்கள் வந்து நிற்கும். அந்தச் சந்தடிக்குள்தான் உங்கள் ரவுட்டரும் லேப்டொப்போடு கதைக்க வேண்டியிருக்கிறது. நெட் ஸ்லோ என்றதும் கம்பனிக்கு அழைப்பதுதான் வழமை. ஆனால் லேப்டொப்பில் இருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரில் இருந்து வெளியே இன்னொரு துண்டு. எது பிழை என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து (ஸ்டார்ட்டில் cmd என்று தேடினால் வரும்) ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது ping என்று அடித்து, இடம் விட்டு முகவரியை எழுதுங்கள்; பதில் வர எடுக்கும் நேரத்தை அது காட்டும். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், அனேகமாக 192.168.1.1, சிம் போடும் ரவுட்டர் சிலவற்றில் 192.168.8.1. ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் 2, 3, 2, 4 மில்லிசெக்கன் என்று சீராக வர வேண்டும். 3, 180, 95 என்று துள்ளினால், நடுவே ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ வந்தால், வைஃபையில்தான் பிழை. ரவுட்டர் சீராகப் பதில் தந்து, வெளியே இருக்கும் கூகிளின் 8.8.8.8 முகவரிக்குக் கொடுக்கும் பிங் மட்டும் துள்ளினால் பிழை வெளியே. அப்போது கம்பனிக்கு அழையுங்கள், ஆனால் அதற்கு முன் டேட்டா மீதியைப் பாருங்கள். பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பிரித்த பக்கேஜில் பகல் பங்கு முடிந்ததும் வேகம் விழுந்துவிடும்.

ரவுட்டரையும் லேப்டொப்பையும் லேன் கேபிளால் இணைத்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது. கேபிளில் வேகம் சரியாக வந்தால் பிழை வைஃபையில். லேன் துளை இல்லாத லேப்டொப்புக்கு யூஎஸ்பி அடப்டர் வேண்டும். கிகாபிட், யூஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்குங்கள். மலிவான 100 எம்பிபிஎஸ் அடப்டர் 95ஐத் தாண்டாது, பிறகு லைனைச் சந்தேகிப்பீர்கள். இன்னொன்று: ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது மெகாபிட், டவுன்லோட் பெட்டி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட், ஆகவே 40ஐ 8ஆல் வகுத்தால் 5. அது பிழை அல்ல.

வைஃபைதான் என்று தெரிந்துவிட்டால், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போங்கள். அங்கே பாண்ட் (2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை), சனல் (அந்த அலைவரிசைக்குள் ஒரு வழி), லிங்க் ஸ்பீட் (லேப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்) மூன்றும் இருக்கும். மெக்புக்கில் ஒப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை குறியைத் தொட்டால் போதும். லிங்க் ஸ்பீட் ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 72 எம்பிபிஎஸ் என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒற்றை அன்டெனாவில் ஓடுகிறது. கைக்கு வருவது ஏறத்தாழ 40, அதுவும் அயலில் யாரும் இல்லாவிட்டால். 433 அல்லது 866 என்றால் 5 கிகாஹேர்ட்ஸ். 54இல் அசையாமல் நின்றால் அனேகமாக ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ டிகேஐபி என்ற பழைய பூட்டு முறையில் கிடக்கிறது. அப்படியானால் டபிள்யூபிஏ2 ஏஈஎஸ் ஆக்கினால் ஏறும்.

கொழும்புத் தொடர்மாடிகளில் அடிக்கடி காண்பது, 5 இருந்தும் லேப்டொப் 2.4இலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதே காரணம். ப்ரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், பாண்டைத் தானே தெரிவுசெய்யும் ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பாண்ட் ஸ்டியரிங்கை நிறுத்தி, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். (பெயரின் கடைசியில் வரும் 5ஜிக்கும் சிம்மின் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை.) 5இல் சனல் 36, அகலம் 80 மெகாஹேர்ட்ஸ் என்று வையுங்கள். 52இல் இருந்து 144 வரையான சனல்களை ராடார்களும் பயன்படுத்தும்; ராடார் தென்பட்டால் ரவுட்டர் இடம் மாற வேண்டும், இணைப்பு அறும். 2.4இல் 1, 6, 11 மூன்றில் ஆள் குறைந்ததைத் தெரிவுசெய்து, அகலத்தை 20 ஆக்குங்கள். 40 போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பார்கள். இத்தனை வீடுகளுக்கு நடுவே அது இரைச்சலைத்தான் கூடச் சேர்க்கும். 3, 4 என்று இடைச் சனலில் போய் நிற்பது இரண்டு பக்கத்தாரோடும் மோதுவது.

5 கிகாஹேர்ட்ஸ் கொங்கிரீட் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். ஹோலில் டீவிக்குப் பின்னால் ரவுட்டர், கடைசி அறையில் லேப்டொப், நடுவே இரும்பு அலுமாரி என்றால் எந்த செட்டிங்கும் உதவாது. ரவுட்டரை வெளியே எடுத்து ஆள் உயரத்தில் வையுங்கள். கண்ணாடியும் மீன்தொட்டியும் நேர் கோட்டில் வேண்டாம். குசினியில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் 2.4 விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதுவும் அதே அலைவரிசைதான். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் ஒற்றை பாண்ட் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வேகத்தைப் பாதியாக்கித்தான் கடத்தும். கட் 5ஈ லேன் கேபிள் ஒன்றை இழுத்து, அந்த அறையில் ஓர் அக்ஸஸ் பொயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பது நல்லது.

இனி லேப்டொப். சார்ஜரைக் கழற்றினால் வேகம் குறைகிறதா? டிவைஸ் மனேஜரில் வைஃபை கார்டின் பவர் மனேஜ்மென்ட்டுக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற சரியை எடுத்துவிடுங்கள். பக்கத்து அட்வான்ஸ்ட் பட்டியலில் ப்ரிஃபர்ட் பாண்ட் இருந்தால் 5ஐத் தெரிவுசெய்யுங்கள். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) லேப்டொப் கம்பனியின் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம்.

யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை யாரும் சந்தேகிப்பதில்லை. அது ஓடும்போது 2.4க்குள் இரைச்சல் கசியும். வயர்லெஸ் மவுஸும் சேர்ந்து திக்கினால் இதுதான். டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள், அல்லது 5க்கு மாறுங்கள். வன்ட்ரைவ் (மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பு) படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாலும் டவுன்லோட் திணறும். டாஸ்க் மனேஜரில் நெட்வொர்க் நிரலைப் பார்த்தால் ஆள் பிடிபடும்.

பட்டியலில் 5இன் பெயரே தெரியவில்லை, பக்கத்து போனில் தெரிகிறது என்றால் லேப்டொப்பின் வைஃபை கார்டு அனேகமாக 2.4 மட்டும் பிடிப்பது. கழற்றிப் புதுசு பூட்டலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகும்போது இன்டெல் ஏஎக்ஸ்210, எம்.2 2230 அளவு என்று கேளுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று தந்தால் வாங்க வேண்டாம்; அவை சில இன்டெல் போர்டுகளில் மட்டுமே ஓடும், ஏஎம்டி ப்ரொசெஸர் உள்ள லேப்டொப்பில் ஓடாது. சில பழைய லெனோவோ, எச்பி மொடல்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. காசு கொடுக்க முன் பின்மூடியைத் திறந்து கார்டில் எத்தனை அன்டெனா வயர் பூட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் புதுக் கார்டும் பாதி வேகமே தரும். இரண்டு இருந்தால், பொத்தான் போன்ற அந்தச் சிறு முனையைத் துளைக்கு நேராக வைத்து, டிக் என்று கேட்கும்வரை விரல்நகத்தால் அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும்.