அறுபதுக்குப் பிறகு ஒரு நீராவி எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 2019இல் ஈஐஆர் 21 என்ற பழைய நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் பிறந்த எஞ்சின் அது. பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றதை, பெரம்பூர் பணிமனை 2010இல் மீண்டும் உயிர்ப்பித்தது. எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான் என்பதால், என் வயதுக்காரர்கள் பலரைப்போல நானும் நீராவி எஞ்சினைச் சிறுவயதில் உள்ளூரில் பார்த்ததில்லை. அன்று தண்டவாள ஓரத்தில் நின்று அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டபோது, பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. 'இதில் ஒன்றைச் சின்னதாக நாமே செய்தால் என்ன?' என்று தோன்றியது. முப்பது ஆண்டுகள் பஸ் பணிமனையில் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்புதான் முதல் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

டீசல் அறிவு கொஞ்சம் உதவும், நிறையக் கெடுக்கும். பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறித் தள்ளும் எஞ்சின் நமக்குப் புதிது. குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி உடனே தண்ணீராக மாறும். தண்ணீர் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்காது. அதனால்தான் ஓட்டத் தொடங்கும்போது சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்து வைக்கிறார்கள். நான் திறக்கவில்லை. கனெக்டிங் ராடு வளைந்தது. எண்ணெயும் அப்படித்தான்: டீசல் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் நீராவி சிலிண்டருக்கு ஆகாது, அதற்கென்று கெட்டியான ஸ்டீம் ஆயில் இருக்கிறது. சிலர் கையில் கிடைக்கிறதே என்று தேங்காயெண்ணெயை இயந்திரங்களில் தடவுவார்கள். குளிர்ந்தால் அது உறையும், பிறகு சிக்குப் பிடிக்கும். தலைக்கும் சமையலுக்கும் அதை விட்டுவிடுவோம்.

ஆனால் இந்த வயதில் ஆளைக் கவிழ்ப்பது அறியாமையைவிட அவசரம்தான். ஐந்து அங்குலத் தண்டவாளத்தில், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்து அங்குலம் உள்ள பாதையில் ஓடும் ஒரு ரயில் எஞ்சினைப் பகுதி நேரமாகச் செய்பவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆவது சாதாரணம். பத்தைத் தாண்டியவர்களும் உண்டு. அறுபத்தொன்றில் தொடங்குகிறவன் உடனே விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறான். கணக்குப் போட்டவுடன் கை வேகமாகிறது. எனக்கு வேகமான கை கொடுத்தது மூன்று முறை கெட்டுப்போன ஒரு சிலிண்டர் பிளாக். இரண்டாம் முறை துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது எனக்குத் தெரியும். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று அடுத்த வேலைக்குப் போனேன். அடுத்த நான்கு பாகங்களும் அந்த அரை மில்லிமீட்டருக்கு ஏற்பச் செய்யப்பட்டு, ஐந்தும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

ஆண்டுக்கணக்கில் ஓடும் வேலையை, ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒன்று தானாக ஓடும்படி பிரித்துக்கொள்வதுதான் இதற்கு மாற்று. முதலில் ஆடும் சிலிண்டர் எஞ்சின் ஒன்று. இதற்குத் தனி வால்வே கிடையாது, இரண்டு மூன்று வாரங்களில் ஓடிவிடும். பிறகு முக்கால் அங்குல பிஸ்டன் கொண்ட செங்குத்து எஞ்சின். அதன்பின் ரயில் எஞ்சினின் சட்டமும் சக்கரங்களும் சிலிண்டர்களும். கொதிகலன் இல்லாமலேயே கம்ப்ரசர் காற்றால் அதைச் சுற்ற வைத்துப் பார்க்கலாம். சக்கரங்கள் முதன்முதலில் மேசைமேல் தாமே சுழன்ற அன்று என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "சாப்பாடு ஆறுகிறது" என்றாள். இருந்தாலும் பத்து நிமிடம் நின்றாள்.

அளவைத் தேர்வதிலும் ஏமாற்றம் இருக்கிறது. சின்னது எளிது என்று எண்ணி மூன்றரை அங்குலத் தண்டவாள எஞ்சினைத் தேர்ந்தெடுப்பார்கள். சின்னதில் எல்லாமே சின்னது: கடுகளவு மரை, ஊசிமுனைத் துளை. வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் சற்றே நடுங்கும் விரலுக்கும் அது தண்டனை. பெரிதாகப் போனால் கண்ணுக்கு நல்லது, முதுகுக்குக் கெட்டது. நீளமும் அகலமும் உயரமும் சேர்ந்து வளர்வதால், மூன்றரையிலிருந்து ஐந்து அங்குலத்துக்குப் போனாலே எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் மொட்டைமாடிக் கொட்டகையில் ஐந்து அங்குல எஞ்சினைத் தொடங்கினேன். அது எப்படிக் கீழே இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது பட்டறை கீழே, கார் நிற்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மேசையின் உயரத்துக்கே வரும் சக்கர வண்டி ஒன்றையும் செய்துகொண்டேன். எஞ்சினை நான் தூக்குவதில்லை, தள்ளுகிறேன்.

வரைபடங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருபவை, அங்குலக் கணக்கில் இருப்பவை. நம் கடைகளில் கிடைக்கும் மரை வெட்டும் கருவிகளான டேப்பும் டையும் மில்லிமீட்டர் அளவுதான். பாதியை அங்குலத்திலும் பாதியை மில்லிமீட்டரிலும் செய்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. தொடங்குமுன் ஒரு வாரம் உட்கார்ந்து முழு வரைபடத்தையும் மாற்றி எழுதிவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கொதிகலன் பொருத்துகளுக்கு அங்கே அங்குலத்துக்கு நாற்பது சுற்று என்ற நெருக்கமான மரையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பதிலாகச் சாதாரண எம்6 (ஆறு மில்லிமீட்டர்) மரையைப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். மெல்லிய சுவரில் இரண்டு சுற்றுகூடப் பிடிக்காது. கசியும்.

இனி கொதிகலன். மற்றத் தவறுகளில் பணமும் நாளும் போகும். இதில் ஆளே போகலாம்.

வீட்டுக் குக்கரின் வெயிட் தூக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. மாதிரி எஞ்சின் கொதிகலன் ஒன்று சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5.6 கிலோவில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முனைத்தகடு பத்து சென்டிமீட்டர் விட்டம்தான், ஒரு சாஸர் அளவு. அதன்மேல் விழும் பாரம் 440 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் கிட்டத்தட்ட ஒன்பது. 25 லிட்டருக்குக் குறைந்த கொதிகலன்கள் நம் நாட்டுக் கொதிகலன் சட்டத்துக்குள் வருவதில்லை என்று சொல்லிச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். எந்த ஆய்வாளரும் வந்து பார்க்க மாட்டார் என்பதே அதன் பொருள். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பழைய தீயணைப்பு உருளை, காலி கேஸ் சிலிண்டர், ஜிஐ பைப், செப்புக்குடம் இவற்றில் எதையும் கொதிகலனாக்க வேண்டாம். சோதிக்கப்பட்ட வரைபடமும், அதில் சொன்ன தடிமனுள்ள செம்பும்தான் வழி. இணைப்புகளில் ஈயப் பற்று (சால்டரிங்) வைக்கவே கூடாது. இருநூறு டிகிரியை ஒட்டியே அது இளகிவிடும். வெள்ளிப் பற்றுதான் வேண்டும். 55 சதவீத வெள்ளி உள்ள கம்பி 630 முதல் 660 டிகிரிக்குள் உருகி ஓடும். விலை கேட்டால் மயக்கம் வரும், உண்மைதான். வாங்கும்போது கேட்மியம் இல்லாததா என்று பாருங்கள். கேடிஎம் நகை என்று ஒரு காலத்தில் விற்றார்களே, அந்தக் கேட்மியம்தான். அதன் புகை நுரையீரலைத் தின்னும்.

பற்று வைக்க நான் கற்றது நாகர்கோவில் வடசேரியில், கோயில் நகை செய்யும் ஓர் ஆசாரியிடம். என் முதல் முயற்சியைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நெருப்பைப் பற்றுப் பொடியில் காட்டாதீர்கள், செம்பில் காட்டுங்கள். செம்பு சூடானால் பொடி தானே ஓடி வரும்" என்றார். பற்று ஓடுவதற்கு இடும் வெங்காரம் எவ்வளவு, எப்போது என்பதையும் அவர் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனால் அவருடைய ஊதுகுழல் ஒரு பதக்கத்துக்குப் போதும். மூன்று கிலோ செம்பு அந்தச் சூட்டை விழுங்கிவிட்டு அப்படியே இருக்கும். பெரிய பர்னர் வேண்டும், சுற்றிலும் தீச்செங்கல் அடுக்க வேண்டும். வீட்டு கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் விடும் அழுத்தம் இதற்குப் போதாது. வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது விதிப்படியும் தவறு. வணிக சிலிண்டரும் அதற்குரிய ரெகுலேட்டரும் வாங்குங்கள். ஒருவர் நெருப்பைப் பிடிக்க, இன்னொருவர் கம்பியைக் கொடுக்க, இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. தனியாகச் செய்தேன் என்பது பெருமையல்ல.

கொதிகலனில் தண்ணீர் படும் இடத்தில் பித்தளைப் பொருத்துகள் வேண்டாம். சூடான நீரில் பித்தளையின் துத்தநாகம் நாளடைவில் கரைந்து வெளியேறிவிடும், மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. அதற்குப் பதில், செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல் என்று கடைசல் பட்டறையில் கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரும் முக்கியம்: கடலோரக் கிணற்று நீர் உப்பைப் படியவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் மழைநீருக்கா பஞ்சம்?

செய்து முடித்ததும் கம்ப்ரசர் காற்றை அடித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். எஞ்சினைக் காற்றால் ஓட்டுவது சரி, கொதிகலனைக் காற்றால் சோதிப்பது கூடாது. அடைபட்ட காற்று வில்லைப்போல ஆற்றலைச் சேர்த்து வைக்கும். கிழிந்தால் துண்டுகள் பறக்கும். தண்ணீர் அப்படியல்ல, ஒரு துளி கசிந்தாலே அழுத்தம் இறங்கிவிடும். ஆகவே காற்றுக் குமிழி ஒன்றுகூட மிஞ்சாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, பிளம்பர்கள் வைத்திருக்கும் கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்கு ஏற்றி, தகடு எங்காவது புடைக்கிறதா என்று பாருங்கள். பிறகு சேஃப்டி வால்வு: தீ முழு வேகத்தில் எரியும்போது உண்டாகும் மொத்த நீராவியையும் அது ஒன்றே வெளியேற்ற வேண்டும். சீறினால் மட்டும் போதாது.

உடை பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பட்டறை என்றால் சாரமும் தோளில் துண்டுமாக லேத் முன் நிற்கத் தோன்றும். நானும் நின்றேன். வேலைப் பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் துண்டின் நுனி சிக்கி இழுத்த அந்த ஒரு நொடியில் நல்லவேளையாகத் துண்டு மட்டும் போனது. இப்போது அரைக்கால் சட்டை, இறுக்கமான பனியன், கண்ணாடி. கையுறை லேத்தில் கூடாது. இரும்புச் சாமான்களுக்கு உப்புக்காற்று எமன். அன்றன்று எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்காவிட்டால் காலையில் செம்மண் நிறத்தில் கிடக்கும்.

கடைசியாக, நினைவை நம்பும் தவறு. கண்புரை அறுவை, பேரன் பிறப்பு, இரண்டு கல்யாணம் என்று நடுவில் நான்கு மாதம் பட்டறையைத் தொடவில்லை. திரும்பிப் போனபோது மேசைமேல் இருந்த ஏழு துண்டுகளில் மூன்று எதற்கென்றே தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாகமும் வரைபட எண்ணோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போகிறது. ஒவ்வொரு மாலையும் நோட்டில் இரண்டு வரி எழுதுகிறேன்: இன்று என்ன முடிந்தது, நாளை எந்த முனையிலிருந்து. நேற்றைய வரி: 'இடது பக்க எக்சென்ட்ரிக் பட்டை, துளை போட்டாயிற்று. ரீமர் போடவில்லை.' டப்பா எண் 31. அதில் முறுக்கு இருக்கிறதா என்று பேரன் இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டான்.