கனடாவில் எங்கே செல்சியஸ், எங்கே பரனைட்?

கனடா 1975 ஏப்ரல் 1 முதல் காலநிலையைச் செல்சியஸில்தான் அறிவிக்கிறது. ஆனால் அந்த மாற்றம் அடுப்பங்கரைக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை. வானொலி மைனஸ் 12 என்னும். கேக் சுடும் அவணோ (oven) 350 என்று காட்டும். அது பரனைட் (Fahrenheit). ஊரிலிருந்து கொண்டுவந்த கேக் குறிப்பில் 180 என்று இருந்தால், இங்கே 350இல் வையுங்கள். 180இலேயே வைத்தால் கேக் ஒழுங்காக வேகாது. அவணுக்குச் சூத்திரம் எதுவும் வேண்டாம். பரனைட்டைப் பாதியாக்கினால் செல்சியஸ் ஏறக்குறைய வந்துவிடும். 320இல் அது அச்சொட்டாகப் பொருந்தும். 400இல் நான்கு பாகை பிசகும், அவ்வளவுதான்.

எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரத் தொலைக்காட்சியின் காலநிலை பரனைட்டில் வரும். 30ஐக் கழித்துப் பாதியாக்குங்கள்: 70 என்றால் 20, சரியான விடை 21. சட்டை தெரிவுசெய்ய இது போதும். மைனஸ் 40இல் இரண்டு அளவும் ஒன்றாகிவிடும். அது வினிப்பெக் பக்கம் போகிறவர்களின் கவலை.

‘விண்ட்சில்’ என்று தனியாக ஓர் எண் சொல்வார்கள். வீசும் காற்றில் தோல் உணரும் குளிர் அது. மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் பிள்ளைக்கு இந்த எண்ணைப் பார்த்துத்தான் உடுத்திவிட வேண்டும்.

காய்ச்சல்தான் ஆபத்தான இடம். ஊரில் 101, 102 என்றே பேசிப் பழகியவர்கள் நாம். இங்கே தாதி செல்சியஸில் கேட்பார். மேலே சொன்ன குறுக்குவழியை இதற்குக் கொண்டுவரவே வேண்டாம்: 39ஐ இரட்டித்து 30ஐக் கூட்டினால் 108 வந்து வீடே கலங்கும், உண்மையில் அது 102.2. 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 40 என்றால் 104. மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 காட்டினால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. சூடாக்கியின் கட்டுப்பாடு பெரும்பாலும் மேல்மாடியில், வீட்டுக்காரர் கையில் இருக்கும். ரொறன்ரோ நகரசபை விதிப்படி குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ், அதாவது 70 பரனைட், இருக்க வேண்டும். “65இல் வைத்திருக்கிறேன், காணும்” என்று அவர் சொன்னால் அது 18தான். மலிவான வெப்பமானி ஒன்றை உங்கள் அறையில் வைத்து, திகதியோடு அளவைக் குறித்துவாருங்கள். பேசிப் பார்த்தும் சரிவராவிட்டால் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணை அழைத்து முறையிடலாம். அப்போது செல்சியஸிலேயே சொல்லுங்கள். விதி அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.