பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது?

எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் பெட்டிதான் பெடல். ஒரே ஒரு பெடல் இருக்கும்வரை இந்தக் கேள்வியே வராது. கிட்டார், பெடல், ஆம்ப் (ஒலிபெருக்கி), அவ்வளவுதான். இரண்டாவது பெடல் வந்ததும் இரண்டு விதமாக மாட்டலாம். மூன்று என்றால் ஆறு விதம், ஐந்து என்றால் 120 விதம். அத்தனையையும் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வாசிக்க நேரம் இருக்காது.

ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். ஒரு பெடலுக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கு முந்தைய பெடல் அனுப்பிய சிக்னல் மட்டும்தான். நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் மாட்டும்போது, "இதற்குள் என்ன போக வேண்டும்?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எனக்குத் தெரியாத காலத்தில் டிலேயை (எதிரொலி தரும் பெடல்) முதலிலும் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) அடுத்ததாகவும் மாட்டி வைத்திருந்தேன். காரணம், கையில் இருந்த கேபிளின் நீளம் அதற்குத்தான் சரியாக இருந்தது! கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றும் ஒவ்வொரு முறையும் சத்தம் சேறு மாதிரி குழம்பியது. டிலே பெடல் பழுது என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படி ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

<b>படி 1: மின்சாரமும் திசையும்</b>

ஆம்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெரும்பாலான பெடல்களில் உள்ளே போகும் துளை வலப்பக்கம், வெளியே வரும் துளை இடப்பக்கம். அதனால் பெடல் வரிசை வலமிருந்து இடமாக ஓடும். படம் போட்டு வைக்கும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்.

அடாப்டர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆனால் எல்லாமே அப்படி இல்லை; பெடலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட்டும் முனையும் அப்படியே பொருந்த வேண்டும். மில்லி ஆம்பியர் மட்டும் தேவைக்கு அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. சாதாரண ஓவர்டிரைவுக்கு (டிஸ்டார்ஷனின் மென்மையான வகை) 10, 20 மில்லி ஆம்பியரே போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் (அறையின் முழக்கத்தைத் தருவது) எல்லாம் பல சமயம் 100-க்கு மேல்கூடக் கேட்கும்.

<b>படி 2: நடுவில் டிஸ்டார்ஷன்</b>

எல்லாப் பெடலையும் தரையில் பரப்பி, ஓவர்டிரைவோ டிஸ்டார்ஷனோ எது இருக்கிறதோ அதை எடுத்து நடுவில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் இனி கேள்வி. டிஸ்டார்ஷன் பக்கத்தில் இல்லாவிட்டால் மற்ற பெடல்களின் வரிசை அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யாது.

டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது? சிக்னலின் உச்சியைச் சீவித் தட்டையாக்குகிறது. அதனால் பலமாக வாசித்ததும் மெதுவாக வாசித்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடும். இப்போது என் பழைய தவறைப் பாருங்கள். டிலேயின் எதிரொலி மெல்ல மெல்லத் தேய வேண்டும். தேய்ந்துகொண்டிருக்கும் அந்த எதிரொலி டிஸ்டார்ஷனுக்குள் போனால், அது மறுபடி தூக்கிவிடப்படுகிறது. போதாக்குறைக்கு, பழைய கார்டின் எதிரொலியும் புதிய கார்டும் சேர்ந்து உள்ளே போவதால் இரண்டிலும் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. அதுதான் அந்தச் சேறு. இடத்தை மாற்றினால், டிலேக்குள் போவது ஏற்கெனவே சீவி முடித்த ஒலி. ஒவ்வொரு எதிரொலியும் தனித்தனியாகத் தேய்ந்து மறையும்.

இரண்டு டிரைவ் பெடல் (ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன்) இருந்தால், கெயின் (சிக்னலைத் தள்ளும் அளவு) குறைந்தது முதலில், அதிகமானது அடுத்து. சிக்னலைப் பலமாக்கும் பூஸ்ட் பெடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சோலோவுக்குச் சத்தம் கூட வேண்டும் என்று அதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்துவிட்டு, "மிதித்தும் சத்தம் கூடவில்லையே" என்பார்கள். கூட வாய்ப்பில்லை. உச்சி ஏற்கெனவே சீவப்படுகிறது. அதிகமாகத் தள்ளினால் அதிகமாகச் சீவப்படும், கரகரப்புதான் கூடும். சத்தம் வேண்டுமென்றால் பூஸ்ட் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் போக வேண்டும்.

<b>படி 3: முன்னால் வருபவை</b>

டியூனர் (ஸ்ருதி பார்ப்பது) முதலில். அதற்குக் கலப்பில்லாத சுத்தமான ஒற்றை ஸ்வரம் தேவை. அடுத்து 'வா' (wah) பெடல்; மிதிப்பலகையை அசைத்தால் ஒலி "வா வா" என்று மாறும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் குரல் மாதிரி பேசும். பின்னால் வைத்தால் வீச்சு பெரிதாகி சிந்தசைசர் மாதிரி ஆகும். எனக்கு முன்னால்தான் பிடிக்கும். கம்ப்ரஸரும் (பலமான, மெல்லிய ஒலிகளைச் சமன் செய்வது) முன்னால்தான்: டிஸ்டார்ஷன் ஏற்கெனவே அமுக்கிய ஒலியில் அதற்கு வேலை இல்லை, இரைச்சலைத்தான் தூக்கிவிடும்.

ஃபஸ் (டிஸ்டார்ஷனின் முரட்டு வகை) மட்டும் அடம்பிடிக்கும் பிள்ளை. பழைய சர்க்யூட்டில் செய்த ஃபஸ் கிட்டாரின் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) நேராகப் பார்க்க ஆசைப்படும். நடுவில் பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சர்க்யூட்) உள்ள டியூனர் புகுந்தால் ஒலி கீச்சென்று ஆகிவிடும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கிடைக்கும் அந்தச் சுத்தமான தொனியும் போய்விடும். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் டியூனரைப் பின்னால் தள்ளுங்கள். வாவும் ஃபஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் சில சமயம் ஊளையிடும். இடம் மாற்றிப் பாருங்கள். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் வா, ஃபஸ் ஃபேஸ் (ஒரு ஃபஸ் பெடல்), யூனி-வைப் (ஒலியைச் சுழலவைப்பது) என்ற வரிசையில்தான் வாசித்தார். அதனால் வா முன்னால் இருக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

<b>படி 4: பின்னால் வருபவை</b>

ஒலியை அலையவைக்கும் கோரஸ், ஃபேஸர், ஃபிளேஞ்சர் முதலில், பிறகு டிலே, கடைசியில் ரிவெர்ப். ரிவெர்ப் என்பது நீங்கள் வாசிக்கும் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்; எல்லாம் முடிந்த பிறகுதான் ஒலி அறைக்குள் பரவும். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) இருந்தால் டிஸ்டார்ஷனுக்கு அடுத்து, டிலேக்கு முன். கடைசியில் வைத்தால் எதிரொலியின் வாலை அது நறுக்கிவிடும்.

ஃபேஸரை டிரைவுக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் ஃபேஸ் 90 என்ற ஃபேஸரை, கரகரத்துக்கொண்டிருக்கும் மார்ஷல் ஆம்புக்கு முன்னால்தான் போட்டார். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அங்கே டிஸ்டார்ஷன் பெடலில் இல்லை, ஆம்பில் இருக்கிறது.

<b>படி 5: ஆம்பே கரகரத்தால்</b>

நீங்களும் ஆம்பின் கெயினைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், டிலேயை எங்கே மாட்டினாலும் அது டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் இருக்கும். இதற்காகத்தான் பல ஆம்ப்களின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் கரகரப்புக்குப் பிறகு பெடல்களைச் சேர்க்கும் வழி) வைத்திருக்கிறார்கள். செண்ட் துளையிலிருந்து டிலேயின் உள்வழிக்கு ஒரு கேபிள், கடைசிப் பெடலின் வெளிவழியிலிருந்து ரிட்டர்ன் துளைக்கு ஒரு கேபிள். கோரஸ், டிலே, ரிவெர்ப் மூன்றையும் அங்கே மாற்றிவிடலாம். ஆம்பைச் சுத்தமாக வைத்துப் பெடலில்தான் டிஸ்டார்ஷன் எடுக்கிறீர்கள் என்றால் இது தேவையில்லை.

<b>படி 6: ஒவ்வொன்றாக மாட்டி, கேட்டு</b>

முதலில் கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் செருகி ஒரு கார்டு வாசியுங்கள். அந்த ஒலியை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெடலாகச் சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி அதே கார்டு. ஒலி மங்கிப் போர்வை போர்த்திய மாதிரி இருந்தால் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும்; நீளம் கூடக் கூட உயர் ஸ்தாயி ஒலிகள் கசியும். ட்ரூ பைபாஸ் பெடல்கள் அணைந்திருக்கும்போது வெறும் கம்பிதான், உதவிக்கு வராது. வரிசையின் தொடக்கத்தில் பஃபர் உள்ள பெடல் ஒன்று இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் (ஃபஸ் இருந்தால் அதற்குப் பின்னால்).

சத்தமே வரவில்லையா? முதலில் டியூனர் மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் ஆம்புக்குப் போகும் கேபிளைக் கடைசிப் பெடலிலிருந்து பிடுங்கி அதற்கு முந்தைய பெடலில் செருகுங்கள், பிறகு அதற்கும் முந்தையதில். எந்த இடத்தில் சத்தம் திரும்பி வருகிறதோ, அப்போது விலக்கிய பெடலோ அதன் பேட்ச் கேபிளோதான் (பெடல்களை இணைக்கும் குட்டி கேபிள்) கோளாறு. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை கேபிள். இந்தச் சோதனையெல்லாம் முடிந்து ஒரு வாரமாவது வாசித்த பிறகே பெடல்களை வெல்க்ரோ போட்டுப் பலகையில் ஒட்டுங்கள்.