லோடு டெஸ்ட் ரிசல்ட்டை எக்ஸெலில் பார்க்கிறீர்களா? சராசரியை விட்டுத் தள்ளுங்கள்

காரைக்குடியில் சீப்புச்சீடையும் மனகோலமும் ஆன்லைனில் விற்கும் ஒரு கடை, தீபாவளி ஆர்டரைத் தளம் தாங்குமா என்று ஜேமீட்டரில் (ஒரே நேரத்தில் பலர் தளத்துக்கு வருவதுபோல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கும் டூல்) லோடு டெஸ்ட் ஓட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசல்ட்டாகக் கிடைக்கும் ஜேடிஎல் ஃபைல் பெரும்பாலும் வெறும் சிஎஸ்விதான், பெயரின் வாலை மாற்றினால் எக்ஸெலில் திறந்துவிடும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் கொள்ளாது, பெரிய ஃபைலைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டைம்ஸ்டாம்ப் 13 இலக்க மில்லிசெகண்ட். அதை 86400000-ஆல் வகுத்து, 25569 கூட்டி, நம்மூர் நேரத்துக்காக 5.5/24-ஐயும் சேர்த்து, செல் ஃபார்மேட்டை நேரமாக மாற்றுங்கள். டிரான்ஸாக்‌ஷன் கன்ட்ரோலர் வரிகள் (பல ரிக்வெஸ்டுகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டுபவை) கலந்திருந்தால் ஃபில்டர் போட்டுத் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வேலை இரண்டு தடவை எண்ணிக்கையில் ஏறும்.

இப்போது எலாப்ஸ்டு என்ற நெடுவரிசை, அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பதில் வர ஆன மில்லிசெகண்ட். எல்லோரும் முதலில் சராசரியைத்தான் போடுவார்கள். 100 ரிக்வெஸ்டில் 90 பேருக்கு 200 மில்லிசெகண்டும் மீதி 10 பேருக்கு 8000-மும் ஆனால் சராசரி 980 வரும், ஒரு செகண்டுக்குள் முடிகிறதே என்று கடைக்காரர் சந்தோஷப்படுவார், ஆனால் அந்தப் பத்துப் பேர் பாதியிலேயே போயிருப்பார்கள். பெர்சென்டைல் ஃபங்ஷனில் 0.95 கொடுத்துப் பாருங்கள் (95 சதவீத ரிக்வெஸ்டுகள் எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிந்தன என்று காட்டும்), 8000 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். இதையும் லேபிள் (ரிக்வெஸ்டின் பெயர்) வாரியாகப் பாருங்கள், முகப்புப் பக்கத்தையும் பேமெண்ட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

சரி, எந்த இடத்தில் திணறியது? ஃப்ளோர் ஃபங்ஷனால் பழைய 13 இலக்க டைம்ஸ்டாம்பை 10000-இன் மடங்குக்கு இறக்கினால் பத்துப் பத்து செகண்டாகப் பிரியும். பிவட் டேபிளில் ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, ஆல்த்ரெட்ஸின் (அந்த நேரத்தில் தளத்தில் இருந்த போலி ஆட்களின் எண்ணிக்கை) அதிகபட்சம் இரண்டையும் எடுங்கள். சாதாரண பிவட்டில் பெர்சென்டைல் கிடையாது (ஏன் வைக்கவில்லையோ), பக்கத்து நெடுவரிசையில் இஃப் சேர்த்த அர்ரே ஃபார்முலா எழுதியாக வேண்டும், பழைய எக்ஸெல் என்றால் கன்ட்ரோல் ஷிஃப்ட் என்டர். அப்புறம் லைன் சார்ட் போடுங்கள். ஆட்கள் ஏற ஏற ரிக்வெஸ்ட் எண்ணிக்கை ஏறாமல் படுத்துவிட்டு 95-ஆவது பெர்சென்டைல் மட்டும் மேலே போகிறதா? தளத்தின் தாங்கும் அளவு அந்த இடம்தான்.

திடீரென்று அந்த 95-ஆவது பெர்சென்டைல் இறங்கினால் உடனே மகிழாதீர்கள், சக்ஸஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். சர்வர் கையை விரித்து 503 (இப்போது முடியாது என்ற பிழைப் பதில்) அனுப்பும்போது பதில் நொடியில் வரும். தோற்ற ரிக்வெஸ்டுகளைத் தனியாக எண்ணி, பெர்சென்டைல் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.