பெருந்தொற்றுக் காலத்தில் அடுப்பு அணையாமல் சோறு போட

பெருந்தொற்று நேரத்தில் ஓர் அன்னதானச் சமையற்கூடத்தை மூடவைக்க ஒரே ஒரு சமையற்காரருக்குக் காய்ச்சல் வந்தால் போதும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் சமைக்கிறவர்களுக்கு முதல் வேலையாகிப்போனது ஆளைக் காப்பாற்றுவதுதான்.

முந்நூறு பேருக்குச் சமைக்க எட்டுப் பேர் வேண்டும்: ஒரு மாஸ்டர், கைவேலைக்கு இருவர், காய் நறுக்க இருவர், பொட்டலம் கட்ட மூவர். இதே எட்டுப் பேரில் இன்னொரு செட் தயார் செய்து, வாரத்துக்கு ஒரு செட் என்று மாற்றுங்கள். இரண்டு செட்டும் சந்திக்கவே கூடாது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகட்டும், டீ குடிக்கவும் ஒன்றாக நிற்க வேண்டாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த செட் முழுக்க 14 நாள் வீட்டில். மற்றது தொடர்ந்து சமைக்கும். மாஸ்டர் மாறினால் ருசி மாறும், உப்பு கூடும். அதனால் அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பொட்டலம் கட்டுவது முற்றத்தில் நடக்கட்டும், அடுப்படியில் கூட்டம் சேராது.

கூட்டு, ரசம், மோர் எல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கை, தனிப் பை, கூடவே ஒழுகல். ஒரே அண்டாவில் முடிகிற சாம்பார் சாதம்தான் நல்லது. நூறு பேருக்கு 8 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, 5 கிலோ காய்; ஆளுக்கு அரை கிலோப் பொட்டலம் வரும். தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள், முதலில் ஊசுவது அதுதான்.

அதிகம் பேர் தவறுவது பொட்டலத்தில்தான். ஆவி பறக்கப் பறக்கக் கட்டி, ஐம்பது பொட்டலங்களை ஒரே சாக்கில் அடுக்கினால் நடுவில் இருப்பவை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாகாது; சூடு 60 டிகிரிக்குக் கீழே போனதும் அவை முளைத்து, பாக்டீரியா அதில் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிளாஸ்டிக் கூடையில் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள். கடைசித் தெருவுக்குப் போகும் முன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, நடுச்சோற்றை இரண்டு விரலில் நசுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் விட்டாலோ புளிப்பு வாடை வந்தாலோ அந்தக் கூடை முழுவதையும் கொட்டுங்கள். வாடை இல்லை என்பதற்காக நேரத்தைத் தளர்த்தாதீர்கள், நஞ்சுக்கு வாடை கிடையாது. தொலைவான இடங்களுக்குப் புளிச்சாதம் அனுப்பலாம். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

வாசலில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டால் வரிசை ஒழுங்காகும். ஆனால் வரிசைக்கு வருகிறவர் நடக்கத் தெம்புள்ளவர். படுக்கையில் இருக்கிற பாட்டிக்கு வரிசை பயன்படாது. அவரைக் கண்டுபிடிக்கப் பால்காரரையும் தூய்மைப் பணியாளரையும் அங்கன்வாடி ஊழியரையும் கேளுங்கள். தெருவாரியாகப் பட்டியல் எழுதுங்கள்: தனியாக இருக்கிறாரா, அடுப்பு உண்டா, பல் உண்டா, சர்க்கரை உண்டா. இன்சுலின் போட்டுக்கொண்டு சோறு தாமதமானால் மயக்கம் வரும், அதனால் அவர்கள் தெருவுக்கே முதல் வண்டி. பல் இல்லாதவருக்குக் குழைவாக ஒரு பாத்திரம் தனியே எடுத்துவையுங்கள்.

அடுப்பு உள்ளவருக்கு மளிகையே மேல். இருவருக்கு 15 நாளைக்கு அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், புளி, உப்பு, மிளகாய்த்தூள், சோப்பு. சிலிண்டர் காலியா என்று கேட்காமல் கொடுத்தால் அரிசி மூட்டை மூலையில் கிடக்கும். வடமாநிலத் தொழிலாளர்களிடம் அரிசியா கோதுமை மாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டி, ஆறடி தள்ளி நின்று, கை வெளியே வந்து எடுக்கும்வரை காத்திருங்கள். நேற்றைய பொட்டலம் பிரிக்காமல் அப்படியே ஸ்டூலில் இருந்தால் புதியதை வைத்துவிட்டு நகராதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டாரை அழைத்துக் கதவைத் திறக்கச் செய்து, அங்கிருந்தே 108-க்குப் பேசுங்கள்.