லால்பாக்கில் குடும்ப விசேஷமா? கிருஷ்ணகிரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி, பங்குனி வந்தால் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து பெங்களூரு லால்பாக் பூங்காவுக்கு வண்டி பேசுகிற குடும்பங்கள் நிறைய. தொப்பி, தண்ணீர் பற்றியெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளையே விழுங்கிவிடுகிற தவறுகள் வேறு.

ஓன் போர்டு வண்டியை வாடகைக்குப் பேசுவது

எத்தனை பேர் மாட்டினாலும் இது நிற்கவே மாட்டேன் என்கிறது. தெரிந்தவர் வண்டி, வாடகை கொஞ்சம் குறைவு என்று வெள்ளை போர்டு வேனைப் பேசிவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியைக் காசுக்கு ஓட்டினால், சட்டப்படி அது பர்மிட் இல்லாமல் ஓட்டுவதுதான். அபராதம் போடுவார்கள், வண்டியையே பிடித்தும் வைப்பார்கள். வழியில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி 'வாடகைக்கு ஓடிய வண்டி' என்று கையை விரிக்க இடம் கொடுத்ததாகிவிடும். பதினைந்து உயிரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மஞ்சள் போர்டு என்றால் மட்டும் போதாது. ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்க வேண்டும். இல்லையென்றால், மாநில எல்லையான ஓசூர் ஜூஜூவாடியைத் தாண்டும் முன் கர்நாடகத்துக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்டியிருக்க வேண்டும். "எல்லாம் போட்டாச்சு" என்று டிரைவர் சொல்லுவார். எல்லை தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில் ஓரம் கட்டச் சொன்ன பிறகுதான் ஓனருக்கு போன் மேல் போன் போடுவார். தாத்தா மடியிலிருக்கும் சம்பங்கி மாலை நுனியில் பழுத்து, நாரோடு ஒட்டிச் சுருளும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்.சி., பர்மிட், வரி ரசீது மூன்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். மூன்றிலும் ஒரே வண்டி எண்தானா, திரும்பி வருகிற நேரம்வரை ரசீது செல்லுமா என்று பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும், 'குழந்தைதானே' என்று கூடுதலாக ஏற்றாதீர்கள். வரி வாடகையில் அடக்கமா, தனியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் கிளம்புவது

முந்தின ராத்திரியே போட்டுவிடுங்கள்.

மலர்க் கண்காட்சியை நம்பிப் போவது

லால்பாக் கண்காட்சி ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டித்தான் நடக்கும். 1889-இல் கட்டிய கண்ணாடி மாளிகையில் பங்குனியில் அந்த அலங்காரத்தைத் தேடினால் கிடைக்காது. அந்த மாதங்களில் பார்க்க வேண்டியவை மரங்கள். இலையெல்லாம் உதிர்ந்து கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கிற டபேபுயா, பிறகு ஊதா நிறத்தில் ஜகரண்டா. டபேபுயா பூ சில நாள்தான் நிற்கும், ஒரு மழை அடித்தால் எல்லாம் தரையில்தான். அதனால் பூவைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். விசேஷ நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, கிடைத்த பூவைப் பாருங்கள். உதிர்ந்த பூ விரித்த பாதையும் அழகுதான்.

ஏழு மணிக்குக் கிளம்புவது

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஐந்துக்கே புறப்பட்டால் எட்டு மணி நெரிசலுக்கு முன் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டலாம். தர்மபுரிக்காரர்கள் நான்குக்கே எழுந்து கிளம்ப வேண்டும். 300 கோடி ஆண்டுப் பழமையான பாறை லால்பாக் உள்ளே இருக்கிறது. அதில் நிழலே கிடையாது, ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.

எந்த கேட் என்று பேசிவைக்காமல் போவது

தோட்டம் 240 ஏக்கர், நான்கு வாசல். மெட்ரோவில் வருகிற பெங்களூரு சொந்தக்காரர்கள் மேற்கு வாசலில் நிற்பார்கள், வேனில் போனவர்கள் டபுள் ரோடு பக்கம் நிற்பார்கள். நடுவில் முட்டி வலிக்கிற பாட்டி. கண்ணாடி மாளிகை முன்னால் சந்திப்பது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கேக், ஸ்நோ ஸ்ப்ரே, தெர்மாகோல் தட்டு

கேக்கை வீட்டிலேயே வெட்டிவிட்டு, டிபனை வெளியே முடித்துக்கொண்டு உள்ளே போங்கள். மற்ற இரண்டும் வேண்டவே வேண்டாம்.